டீ வாங்கி வந்தவர்

ஆர்.கே.பேட்டை
20.1.2025

தமிழ்செல்விக்கு அண்ணன் தணிகைவேல் எழுதுவது.

இங்கே அம்மா, உன் அண்ணி சுமலதா, நான், மாடு இரண்டு, எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தீபாவளிக்கு மறுநாள் தணிகை முருகன்மேல் ஆணையிட்டு, உன்னோடு பேசமாட்டேன், உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொன்னேன். நீயும் கேட்டுக்கொண்டுதான் நின்றாய். பேசுவதும் பார்ப்பதும்தான் அந்தச் சத்தியத்தில் இருக்கிறது, எழுதுவது அதில் வராது என்று உன் அண்ணி கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கு வக்கீல் மூளை. நம் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டாள்.

நடந்ததை நான் மறக்கவில்லை. அம்மா முழங்கால் வலியோடு அடுப்பெதிரே உட்கார்ந்து சுட்ட அதிரசம். நோன்பில் படைத்து, உன் கையில் கொடுத்தாள். நீ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "படைச்சது எனக்கு வாணாம்மா" என்றாய். அதிரசம் தரையில் விழுந்தது. அம்மா குனிந்து எடுக்கப் போய் முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

நைனா போன பிறகு பதினொரு வருஷமாக உனக்குப் பொங்கல் சீர் தவறியதில்லை. இந்த வருஷம் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வாசலில் வைத்துவிட்டு, அனுப்பவில்லை. கரும்பை மாடு தின்றது.

உங்கள் சபையில் யேசுதாஸ் என்று ஒரு பாஸ்டர் இருக்கிறாராமே. உன் வீட்டுக்காரர் சரவணன் போய் இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணைத் தன் பக்கம் இழுப்பது பெரிய வித்தை இல்லை. அந்த ஆள் யார், எப்படிப்பட்டவன், எல்லாவற்றையும் எழுது. எதற்கு என்று கேட்காதே.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே முழுகி ஞானஸ்நானம் வாங்கினாய் என்று என் காதில் விழுந்தால், எனக்குத் தங்கை இல்லை. பிறகு இந்தக் கடிதமும் இல்லை.

தணிகைவேல்

கும்மிடிப்பூண்டி
2.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கம்பெனி கேட்டிலேயே நின்று படித்தேன். பஞ்ச் வைக்க மூன்று நிமிஷம் தாமதம். பரவாயில்லை. நான் நலம். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறீர்களா? அண்ணியைத் தேய்க்கச் சொல், நீ தேய்த்தால் எலும்பு நகர்ந்துவிடும்.

அதிரச விஷயத்தில் தப்பு என்னுடையது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் அப்படிச் செய்யவில்லை. திரும்பி வந்து பாஸ்டர் ஐயாவிடம் பெருமையாகச் சொன்னேன். மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது.

"அம்மா கைய எதுக்கும்மா தட்னே?" என்றார்.

"படைச்சதாச்சே ஐயா" என்றேன்.

"உனக்கு மனசு ஒப்பலன்னா துன்ன வாணாம். அது உன் மனசாட்சி, அதுல நான் கைவெக்க மாட்டேன். வாங்கி மடியில வெச்சிக்கினு அம்மாவாண்ட நாலு வார்த்த பேசிக்கினு இருந்திருக்கலாம் இல்ல? நீ அவங்களுக்குப் பொண்ணு. அத யாரும் உன்ன விடச் சொல்லல."

அதற்கு முன்பு ஒன்று நடந்தது, அதையும் சொல்கிறேன். அவர் கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவர். சபையில் சம்பளம் வாங்குவதில்லை. ஆயுத பூஜையன்று டிரைவர்கள் பஸ்ஸுக்குப் பூஜை போட்டுப் பொரி கடலை கொடுத்தார்கள். ஐயா வாங்கிக் கொறித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் பார்த்துவிட்டு அன்று முழுக்கக் குழம்பினேன், மறுநாள் கேட்டும்விட்டேன். "எனக்கு அது வெறும் பொரிதாம்மா. ஆனா அதால உன் மனசு தடுமாறுதுன்னா எனக்கு அது வாணாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அந்த மனுஷனுக்குப் பொரி என்றால் உயிர் என்று அவர் மனைவி மேரி அக்கா பிற்பாடு சொன்னார்கள். விஷயம் தெரிந்தவர் அவர், ஒன்றும் தெரியாதவள் நான். விட்டுக்கொடுத்தது அவர்.

எப்படிப்பட்டவர் என்று கேட்டாயே. நீ அவரைப் பார்த்திருக்கிறாய் அண்ணா. உன் மாப்பிள்ளை சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் மஞ்சள்காமாலையோடு பத்தொன்பது நாள் கிடந்தபோது, எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் என்ற பழக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர் தினமும் சாயந்திரம் வருவாரே. நான் குளித்து, சாப்பிட்டு, கண்ணசரும் வரைக்கும் அவர்தான் கட்டிலருகே இருப்பார். மலம் மூத்திரம் எடுத்தவர் அவர். நீ ஆஸ்பத்திரி ஆயா மாதிரி வேலைக்கு இருக்கிற ஆள் என்று நினைத்து, "யோவ், கீழ போயி நாலு டீ வாங்கியா" என்று அனுப்பினாய். போய் வாங்கிக்கொண்டு வந்தார். உனக்குச் சர்க்கரை போதவில்லை என்று மறுபடியும் போனார்.

அந்தப் பத்தொன்பது நாளில் அவர் இயேசு என்ற பேரையே எடுக்கவில்லை. அவர் பாஸ்டர் என்பது எனக்கே காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். சபைக்கு நானாகத்தான் போனேன். அந்த மனுஷன் எங்கே போய் இதைக் கற்றுக்கொண்டார் என்று பார்க்கத்தான் போனேன்.

ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆறு மாதமாக நான்தான் கேட்கிறேன். மாட்டேன் என்கிறவர் அவர். "உங்க அண்ணன் உன்னாண்ட பேசறவரைக்கும் பொறும்மா. உன்ன அனாதையாக்கிட்டு நான் இன்னா ஞானஸ்நானம் கொடுக்கறது?" என்கிறார். சபைச் செயலாளர் ஜோஷ்வா அண்ணனுக்கு இதில் அவர்மேல் கோபம். எனக்கும்தான், உண்மையைச் சொன்னால்.

அம்மாவுக்கு முத்தங்கள். உனக்குக் கிடையாது, நீ சத்தியக்காரன்.

தமிழு

ஆர்.கே.பேட்டை
5.3.2025

தமிழ்செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சரவணனைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

அந்த நீலச் சட்டை ஆளை ஞாபகம் இருக்கிறது. டீயில் சர்க்கரை இல்லை என்று நான் சத்தம்கூடப் போட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூச்சப்பட்டுவிட்டேன் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடமாட்டேன். காரியம் ஆகவேண்டும் என்றால் காலைப் பிடிக்கிறவர்களை நான் பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன். பொறு, பொறு என்று சொல்வதும் ஒரு தந்திரமாக இருக்கலாம். பிரியாணியை மூடி வைத்தால் பசி அதிகமாகத்தான் ஆகும்.

இங்கே அறுவடை முடிந்து கடலை போட்டிருக்கிறோம். நெல் பரவாயில்லை. பன்றித் தொல்லைதான் பேஜாராக இருக்கிறது. அம்மாவை ஆர்.கே.பேட்டை டாக்டரிடம் காட்டினேன், எடை குறைக்கச் சொன்னார். அதைக் கேட்டு வந்த கோபத்தில் அம்மா இரண்டு நாள் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நீ சொல்லாத சிலதும் என் காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போதைக்கு அதைப் பற்றி எழுதவில்லை. உனக்கு அடுத்த மாதம் எந்தெந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று எழுது. அம்மா கேட்கிறாள்.

தணிகைவேல்

கும்மிடிப்பூண்டி
16.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் காதுக்கு வந்தது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த போஸ்டர்தானே? வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாய். என் வாயால் முதலில் வந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

மார்ச் முதல் வாரம் இங்கே மூன்று நாள் கன்வென்ஷன் என்று பெரிய ஜெபக்கூட்டம் ஏற்பாடு. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வருவதாக இருந்தது. மேடையில் தன் கதையைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும், கூட்டம் உருகவேண்டும் என்று ஜோஷ்வா அண்ணன் என்னைக் கேட்டார். ஒரு போட்டோ எடுத்தார். நானும் பேசாமல் நின்றேன். அதுதான் என் தப்பு. எனக்கும் நாலு பேர் முன்னால் நின்று சொல்லவேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரு வாரத்தில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சிப்காட் கேட் வரை சுவர் முழுக்க என் முகம். "கணவனை இழந்த ஆர்.கே.பேட்டை சகோதரியின் கண்ணீர் சாட்சி" என்று சிவப்பு எழுத்து. கம்பெனியில் லைனில் நிற்கிற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐயாவுக்கு இது எதுவும் முன்னாலே தெரியாது.

தெரிந்த அன்றைக்கே, பிப்ரவரி 28-ம் தேதி விடியற்காலை, ஒரு வாளித் தண்ணீரும் கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் ஷிஃப்ட் பஸ் எடுப்பதற்குள் ஒவ்வொரு சுவராக நனைத்து, சுரண்டி, கிழித்துக்கொண்டே வந்திருக்கிறார். பஸ்ஸில் நான் ஏறும்போது அவர் விரலெல்லாம் பசை, நகக்கண்ணில் ரத்தம். "அறுபத்திரெண்டு எடுத்தேம்மா. எங்கனா உட்டுப்போயிருந்தா சொல்லு" என்றார். என்னைத் திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சபையை நடத்துகிற மூப்பர்கள் கூட்டத்தில் பெரிய சண்டை. கன்வென்ஷன் கெட்டுப்போய்விட்டது, பிரசங்கியார் வரமாட்டேன் என்றுவிட்டார், எல்லாவற்றுக்கும் பாஸ்டர்தான் காரணம் என்று ஜோஷ்வா அண்ணன் சத்தம் போட்டார். ஐயா சொன்னதை மேரி அக்கா எனக்குச் சொன்னார்கள்: "நான் பஸ் ஓட்டறவன். மொதல்ல வர்றவன் எப்படியாச்சும் சீட்டு புடிச்சிக்குவான். கடைசியா மூச்சு வாங்க ஓடியாராங்களே, அவங்களுக்குத்தான் டிரைவரு. அவங்கள ஏத்தாம, வண்டி ரொம்பிச்சின்னு நான் எடுத்துக்கினு போவ முடியாது."

ஜோஷ்வா அண்ணனும் இன்னும் மூன்று மூப்பர்களும் சென்னையில் இருக்கிற தலைமைக்குப் புகார் எழுதிவிட்டார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. என்னால்தான் இதெல்லாம் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஷிஃப்ட் கேட்டாயே. ஏப்ரல் முதல் வாரம் முதல் ஷிஃப்ட், அடுத்து ஜெனரல். 14-ம் தேதியிலிருந்து ஒரு வாரம் இரண்டாவது ஷிஃப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. அதனால் 17-ம் தேதி பெரிய வியாழன் ஆராதனைக்கு நான் போகமுடியாது. அம்மா என் சாப்பாட்டு நேரத்தைப் பற்றித்தானே கவலைப்படுகிறாள்? கேண்டீனில் நன்றாகவே போடுகிறார்கள் என்று சொல்.

தமிழு

ஆர்.கே.பேட்டை
19.4.2025

அன்புள்ள தங்கை தமிழுக்கு,

ஷிஃப்ட் கேட்டது அம்மா இல்லை, நான். நீ இல்லாத நேரமாகப் பார்த்து உங்கள் சபைக்கு வரத்தான் கேட்டேன். வியாழக்கிழமை வந்தேன்.

சண்டை போடத்தான் வந்தேன். அந்த போஸ்டரை நம் தெருப் பையன் சிப்காட்டில் பார்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். என் தங்கை தாலியறுத்த துக்கத்தைச் சுவரில் ஒட்டியவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாகப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டிருந்தேன். கிழித்தது அவர் என்று நீ எழுதியதை முழுக்க நம்பவில்லை. இரண்டு ரயில் மாறி வந்து, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தேன். லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், அதுதான் உங்கள் சபை என்று சொன்னதும் ஏமாற்றமாகிவிட்டது. சண்டை போடவும் ஒரு இடம் வேண்டாமா?

முன்னால் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி. பதினொன்றில் ஆட்கள். வாசலில் இருந்தவர் என் கால் தூசியைப் பார்த்துவிட்டு, "வாங்க, ரொம்ப தூரமா? குந்துங்க" என்று கடைசி நாற்காலியைக் காட்டினார். கால் வலி, உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளிகளுக்குப் போட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இந்திக்காரத் தொழிலாளி ஒருவர். அந்தப் பக்கம் ரோசம்மாள் என்று ஒரு அம்மாள், ஸ்கிராப் பொறுக்குகிறவராம், ஒரு கால் வீங்கி, புண்ணோடு. இயேசு தன் பன்னிரண்டு சீடர்கள் காலைக் கழுவிய நாளாம் அது, வழக்கமாக இந்த நாற்காலிகளில் மூப்பர்கள்தான் உட்காருவார்களாம். இந்த வருஷம் பாஸ்டர், அவர்களைத் தண்ணீர் தூக்கச் சொல்லிவிட்டார் என்று அந்த அம்மாள் சொன்னார்.

பிறகு ஒருவர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, தண்ணீர் பேசினோடு முட்டிபோட்டு வந்தார். ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைத்தார். ரோசம்மாளிடம் வந்தபோது அதிக நேரம் எடுத்துக்கொண்டார். புண்ணைச் சுற்றி, விரல் இடுக்கில் எல்லாம் அவ்வளவு பொறுமையாகத் துடைத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்து நிமிர்ந்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. டீ வாங்கி வந்த ஆள்.

காலை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் கல்யாணத்தில் நைனா இல்லாததால் மணையில் சரவணன் காலை நான்தான் கழுவினேன். நீ தலை குனிந்து நின்றாய், பார்த்திருக்கமாட்டாய். நம் ஜனங்களில் ஒருவன் இன்னொருவன் காலைக் கழுவினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டுப் பெண்ணை உன் கையில் ஒப்படைக்கிறேன், இனி நீ பார்த்துக்கொள் என்பதுதான். எனக்கு வேறு அர்த்தம் தெரியாது. அதனால் சபை நடுவில் கேட்டேவிட்டேன்.

"இன்னா சாமி இது, என் தங்கச்சிய என்னாண்டயே ஒப்படைக்கறியா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "தமிழ்செல்வி அண்ணனா?" என்றார். தலையாட்டினேன். "ஒப்படைக்க நான் யாரு? அவங்க உங்க தங்கச்சி. உங்களாண்டயிருந்து நாங்க எடுத்துக்கல" என்றார். என் காலை மறுபடியும் பேசினில் வைத்துக் கழுவினார். என் குதிகால் வெடிப்பில் போன வாரத்துச் சேறு இருந்தது, அதைக்கூட விடவில்லை.

எல்லாம் முடிந்ததும் வெளியே கூப்பிட்டுப் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். செயலாளர் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் செயலாளர் நாலடி தள்ளித்தான் பேசின் கழுவிக்கொண்டு நின்றார். யேசுதாஸ் சொன்னது இதுதான்: "என் தப்பு. என் சபையில நடந்திச்சி. உங்க வூட்டுப் பொண்ணுக்கு என்னால அவமானம். மன்னிக்கணும்." வேறு ஒருவர் பேரும் அவர் வாயில் வரவில்லை. நாலடி தள்ளி நின்ற ஆள் தலையை நிமிர்த்தவில்லை.

தமிழு, ஒன்றரை மாதமாக எனக்குள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் ஒன்றும் வரவில்லை. எனக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது, என் சொல்லுக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. என் கீழ் வேலை செய்கிற ஒருவன் தப்பை நான் இதுவரை என் தலையில் போட்டுக்கொண்டதில்லை. அந்த ஆள் பெரிய மனுஷன். இதை எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சாம்பார் சாதம் போட்டார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்து அவர் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, நீ வருவதற்குள் ரயிலேறிவிட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

உன் அண்ணன்
தணிகைவேல்

கும்மிடிப்பூண்டி
11.5.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது.

சென்னைத் தலைமை, ஐயாவைப் பாஸ்டர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டது. சபை வளரவில்லையாம், கூட்டங்களைக் கெடுக்கிறாராம். கேட்டதும் பாதிப் பேர் கொதித்துவிட்டார்கள். நாம் எல்லோரும் அவரோடு வெளியே போய் வேறு சபை வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, பைபாஸ் பக்கம் ஒரு மாடி ஹால்கூடப் பேசிவிட்டார்கள். நான் அதில் முன்னால் நின்றேன் அண்ணா. உன் தங்கை எப்படி இருப்பாள் என்று உனக்குத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்றார். "எனக்காவ ஒருத்தரும் வெளிய போவக் கூடாது" என்றார். "சபைய ரெண்டா பிரிச்சா, தெம்பா இருக்கறவங்க எங்கயாச்சும் போயிப் பொழச்சிக்குவீங்க. ரோசம்மா அந்த மாடியில ஏறுவாங்களா? நேத்து வந்த புள்ளைங்க, யாரு பேச்ச நம்பறதுன்னு தெரியாம ஊட்லயே குந்திடும். அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? எனக்கு நியாயம் வேணும்னு அவங்கள எழக்க எனக்கு இஷ்டமில்ல."

சொல்லிவிட்டு ஷெட் சாவியை ஜோஷ்வா அண்ணன் கையில் கொடுத்தார். ஜோஷ்வா அண்ணன் வாங்கிக்கொண்டார். பிறகு உடைந்து அழுதுவிட்டார். போஸ்டர் ஐயாவுக்குத் தெரியாமல் தான் செய்த வேலை என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். ஐயா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஒருத்தர்கூட வெளியே போகவில்லை.

இன்றைக்கு அவரும் மேரி அக்காவும் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரோசம்மாள் அம்மாவை வழக்கம்போல வண்டியில் ஏற்றி வந்ததும் அவர்தான். புதிதாக வந்திருக்கிற பாஸ்டர் மோகன்ராஜ் சின்ன வயது, முதல் பிரசங்கம், நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐயாதான் கடைசியிலிருந்து தலையாட்டித் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்றும் இருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். ஜூன் 8, பெந்தெகொஸ்தே நாளில் பழவேற்காடு ஏரியில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். என் பேரையும் எழுதட்டுமா என்று புதுப் பாஸ்டர் கேட்டார். யேசுதாஸ் ஐயா கையால்தான் வேண்டும் என்றேன். ஐயா ஒப்பவில்லை. "புதுப் பாஸ்டர் கையால எடு. இல்லன்னா நீ என் ஆளு, அவங்க அவரு ஆளுன்னு ஆயிடும்" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அண்ணன எழுதிக் கேளு. பர்மிஷன் கேக்காத, மனசக் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். என் நம்பிக்கையை நான் விடமாட்டேன், அதைப் பொய்யாக எழுதமாட்டேன். ஆனால் நான் தண்ணீரில் இறங்கும்போது உனக்குத் தங்கை இல்லை என்றால், என்னால் இறங்க முடியாது. நீ வேண்டாம் என்றால் இந்த வருஷமும் காத்திருக்கிறேன். அடுத்த வருஷமும் காத்திருப்பேன். பேரை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

தமிழு

ஆர்.கே.பேட்டை
30.5.2025

அன்புள்ள தமிழுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ மனசு அங்க இருக்குது, கட்டிப்போட்டா வெச்சிக்க முடியும்?" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். ஏரிக்கு வரமாட்டாள், அவளைக் கட்டாயப்படுத்தாதே. ஆனால் நேற்றிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இடுப்பளவுதான் என்று நாலு முறை சொல்லிவிட்டேன்.

யேசுதாஸோடு போனில் பேசினேன். அவரோடு பேசக்கூடாது என்று எந்தச் சத்தியமும் இல்லை. பதவி போனதற்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். "ரெண்டு நாளு இருந்திச்சி. அப்பறம் காலையில வண்டி எடுக்கணும் இல்ல?" என்றார். முருகனைப் பற்றியோ என் சாமியைப் பற்றியோ ஒரு வார்த்தை எதிராகப் பேசவில்லை. கிருத்திகைக்கு நான் காவடி எடுப்பதைச் சொன்னேன், எத்தனை படி என்று ஆசையாகக் கேட்டார்.

அவரிடம் ஒன்று விசாரித்தேன். நம் வீட்டுப் பெண்ணுக்கு எந்த விசேஷமானாலும் அண்ணன் செய்கிற சீர் என்று ஒன்று உண்டு. இதில் அண்ணனுக்கு என்ன வேலை என்றேன். அப்படி ஒன்றும் கிடையாது, வெள்ளைத் துணியில் இறங்குவார்கள், எழுந்து வரும்போது கரையில் யாராவது ஒரு சகோதரி மாற்றுப் புடவையும் துண்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான் என்றார். சரவணன் காரியத்தன்று உனக்கு வெள்ளைக் கோடி போர்த்தியது இந்தக் கை. மறுபடியும் உன்னை வெள்ளையில் பார்க்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். "அது எங்க வழக்கம்தான், சட்டமில்ல. நான் புதுப் பாஸ்டராண்ட சொல்றேன்" என்றார். சொல்லி, சம்மதமும் வாங்கிவிட்டார். அதனால் பொதட்டூர்பேட்டைக்குப் போய் இரண்டு புடவை எடுத்தேன். இறங்குவதற்கு மஞ்சள், ஏறியதும் கட்டிக்கொள்ள அரக்குக் கரை போட்ட பச்சை. மஞ்சளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பச்சை என்னிடம் இருக்கும். பேரை எழுதிக் கொடுத்துவிடு.

சத்தியத்தை என்ன செய்வது என்று உன் அண்ணியிடம் கேட்டேன். இந்தத் தடவை அவள் ஓட்டை எதுவும் தேடவில்லை. யார்மேல் ஆணையிட்டாயோ அவரிடமே போய்க் கேள் என்றாள். நேற்று திருத்தணி போனேன். கோபத்தில் சொன்னது, என் தங்கையை இழக்க எனக்கு மனசில்லை, மன்னித்துவிடு என்று சொல்லி முடி இறக்கிவிட்டேன். உன் அண்ணி பார்த்துச் சிரித்தாள்.

ஜூன் 8 காலையில் பழவேற்காட்டுக் கரையில் யேசுதாஸுக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒருவன் பச்சைப் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நீ எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.

உன் அண்ணன்
தணிகைவேல்